முதலாம் எண்ணைத் தேடி: எத்தல் ஃபென்விக்கின் ஊர்களில் ஐந்து நாள்கள்

முதல் நாள்: எல்கின், ஸ்காட்லாந்து

எல்கின் நகரிலிருந்து லாசிமவுத் செல்லும் சாலையில் வடக்கே இரண்டு மைல் நடந்தால் ஸ்பைனி வந்துவிடும். இருபுறமும் பார்லி வயல்கள். ஜூன் மாதமாகையால் கதிர் இன்னும் பச்சையாகவே இருக்கிறது. மொரே மறைமாவட்ட ஆயர்கள் வாழ்ந்து, இன்று கூரையில்லாமல் நிற்கும் ஸ்பைனி அரண்மனையின் பெரிய கோபுரம் தொலைவிலேயே கண்ணில் பட்டது. அதற்கு மேலே, அருகிலுள்ள விமானப்படைத் தளத்திலிருந்து எழும்பிய போர் விமானம் ஒன்று காதைப் பிளந்துகொண்டு போனது. நான் தேடி வந்தது அந்தக் கோபுரத்தை அன்று. இந்தப் பகுதியிலிருந்த ஸ்பைனி இல்லத்தில் 1857ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் பிறந்த எத்தல் கார்டன் மேன்சன் என்ற பெண்ணை.

திருமணத்துக்குப் பிறகு எத்தல் பெட்ஃபர்ட் ஃபென்விக் என்று அறியப்பட்டு, செவிலியருக்குச் சட்டப்படியான பதிவேடு வேண்டும் என்று பிரிட்டனில் போராடிய அவரைப் பற்றி, திருநெல்வேலியில் செவிலியர் பயிற்சி பெற்ற நான்கு ஆண்டுகளில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் எங்கள் வகுப்பறைச் சுவரில் விளக்கோடு நின்றார். ஆண்டுதோறும் மே 12 அன்று அவருடைய பிறந்தநாளில் நாங்களும் மெழுகுவத்தி ஏந்தி உறுதிமொழி எடுத்தோம். ஆனால் படிப்பு முடிந்ததும் சாந்தோமில் உள்ள செவிலியர் மன்றத்தில் வரிசையில் நின்று ஆர்.என்., ஆர்.எம். (பதிவு பெற்ற செவிலி, பதிவு பெற்ற மகப்பேற்றுச் செவிலி) என்று ஒரு பதிவு எண்ணைப் பெற்றுவந்தேனே, அந்த எண் எங்கிருந்து வந்தது, அதற்காக யார் சண்டை போட்டார்கள், யார் அதை எதிர்த்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்து, பத்து நிலையங்கள் கொண்ட செய்முறைத் தேர்வில் மருந்து கொடுப்பதையும் புண் கட்டுவதையும் தேர்வாளர் முன் செய்து காட்டி, எழுத்தும் இலக்கமும் கலந்து எட்டு இடங்கள் கொண்ட இன்னொரு பதிவு எண்ணை வாங்கிய பிறகுதான் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. சேர்த்து வைத்த விடுப்பில் ஐந்து நாளை அதற்காக எடுத்திருக்கிறேன்.

தந்தை டேவிட் மேன்சன் மருத்துவர். வசதியான நில உடைமையாளரும்கூட. மகள் சிறுமியாக இருக்கும்போதே அவர் இறந்துவிட, தாய் மறுமணம் செய்துகொண்டு இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயருக்குப் போனார். ஆகவே இந்த வயல்களை எத்தல் அதிகம் நினைவில் வைத்திருக்க வாய்ப்பில்லை. கோபுரத்தைச் சுற்றிக் காகங்கள் அடைவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

எல்கினில் எதிர்பாராத ஒன்றும் கிடைத்தது. நகரின் மேற்குக் கோடியில், தூண்களும் குவிமாடமுமாக நிற்கும் டாக்டர் கிரே மருத்துவமனை 1819இல் திறக்கப்பட்டது. அதற்குப் பணம் எழுதி வைத்த அலெக்சாண்டர் கிரே, கிழக்கிந்தியக் கம்பெனியில் அறுவை மருத்துவராக இருந்து கல்கத்தாவில் இறந்தவர். நம் நாட்டில் சேர்ந்த பணம் இந்த ஊரின் நோயாளிகளுக்குக் கட்டிலாகியிருக்கிறது என்று எண்ணியபடி அதன் வாசலில் சற்று நேரம் நின்றேன். எத்தலின் கதையோடு இதற்கு நேரடித் தொடர்பு இல்லைதான். ஆனாலும் எழுதாமல் போக மனம் வரவில்லை.

இரண்டாம் நாள்: ரயிலில்

எல்கினிலிருந்து அபர்டீன், அங்கிருந்து எடின்பரோ, பிறகு கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கே. நாள் முழுவதும் இருக்கையிலேயே கழிந்தது. நாட்டிங்காம் வந்து சேர்ந்தபோது கால் வீங்கியிருந்தது. இன்று எழுத வேறொன்றும் இல்லை.

மூன்றாம் நாள்: தோரடன், நாட்டிங்காம்ஷயர்

நாட்டிங்காமிலிருந்து கிராந்தம் செல்லும் சிறிய ரயிலில் ஏறி, அஸ்லாக்டன் என்ற நிறுத்தத்தில் இறங்கி, வயல்வெளிச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்து தோரடனை அடைந்தேன். ஒரே தெரு, ஸ்மைட் என்ற சிறு ஆறு, கூர்ங்கோபுரத்தோடு ஒரு பழைய தேவாலயம், வட்டமாகக் கல்லால் கட்டிய புறாக்கூண்டு ஒன்று. ஊர் என்று சொல்ல அவ்வளவுதான். எத்தலின் மாற்றாந்தந்தை ஜார்ஜ் ஸ்டோரர் நாடாளுமன்ற உறுப்பினர். தோரடன் ஹால் அவருடைய வீடு. அரசியலும் சட்டமும் சாப்பாட்டு மேசையில் பேசப்படும் வீட்டில் வளர்ந்த பெண் அவர் என்பதை இங்கே வந்த பிறகுதான் நன்றாக உணர்ந்தேன். ஒரு சட்டத்தை எப்படிக் கொண்டுவருவது, யாரைப் பார்க்க வேண்டும், தோற்றால் அடுத்த கூட்டத்தொடரில் எப்படி மறுபடி கொண்டுபோவது என்பதெல்லாம் அவருக்குச் சிறுவயதிலேயே பழகிய சங்கதிகளாக இருந்திருக்க வேண்டும்.

1878இல், 21 வயதில், அவர் நாட்டிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில் கட்டணம் செலுத்திப் பயிற்சிக்குச் சேர்ந்தார். பிறகு மான்செஸ்டர் அரச மருத்துவமனை. 1879இல் லண்டன் மருத்துவமனையில் வார்டு சிஸ்டர். 1881இல், 24 வயதில், லண்டனின் மிகப் பழைய மருத்துவமனையான செயின்ட் பார்த்தலோமியூவுக்கு மேட்ரன். மூன்றே ஆண்டுகளில் இந்த ஏற்றம். முறையாக அவர் பெற்ற பயிற்சி ஏறத்தாழ ஓராண்டுதான் என்பதும், பிற்காலத்தில் மூன்றாண்டுப் பயிற்சி இல்லாதவர் எவரையும் செவிலி என்று ஏற்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவரும் அவரேதான் என்பதும் எனக்கு முதலில் உறுத்தியது. எங்கள் வார்டில் என்றால், 'முதலில் நீ படித்தாயா?' என்று யாராவது கேட்டிருப்பார்கள். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். ஓராண்டில் தனக்கு என்னவெல்லாம் கற்றுத் தரப்படவில்லை என்பதை, 24 வயதில் ஒரு பெரிய மருத்துவமனையின் செவிலியர் அனைவருக்கும் பொறுப்பேற்றுக்கொண்ட ஒருத்தியைவிட அதிகமாக அறிந்தவர் யார் இருக்க முடியும்? எனக்குப் பதினெட்டு மாத அனுபவத்தில் இரவுப்பணிப் பொறுப்பு கொடுத்தபோது அந்த வயிற்றுக் கலக்கத்தை நானும் அறிந்திருக்கிறேன்.

தேவாலயச் சுவர் ஓரம் உட்கார்ந்து கொண்டுவந்த எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட்டேன். நல்ல காற்று.

நான்காம் நாள்: ஸ்மித்ஃபீல்ட், லண்டன்

ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தைக்கு அருகே, எட்டாம் ஹென்றி மன்னரின் சிலை மேலே நிற்கும் வாயில் வழியாகப் பார்ட்ஸ் மருத்துவமனைக்குள் நுழைய வேண்டும். லண்டன் மக்கள் செயின்ட் பார்த்தலோமியூவை அப்படித்தான் சுருக்கி அழைக்கிறார்கள். 1123இல் ராஹியர் என்பவர் நிறுவிய இடம். சோழர் ஆட்சி நம்மூரில் நடந்துகொண்டிருந்த காலம். உள்ளே கல் கட்டடங்கள் சூழ்ந்த சதுர முற்றம், நடுவில் நீரூற்று. அதைச் சுற்றியுள்ள பெஞ்சுகளில் நீலச் சீருடையணிந்த செவிலியர் சிலர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி மலையாளி. எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டவள், நான் திருநெல்வேலி என்றதும் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாள். 'ஃபென்விக் என்று இங்கே ஒரு மேட்ரன் இருந்தார், தெரியுமா சேச்சி?' என்று கேட்டேன். தெரியாது என்று தலையசைத்தாள்.

இந்த முற்றத்தில் எத்தல் ஆறு ஆண்டுகள் அதிகாரம் செலுத்தினார். பயிற்சிக் காலத்தை மூன்றாண்டாக்கினார். 1887இல் மருத்துவர் பெட்ஃபர்ட் ஃபென்விக்கை மணந்ததும் பதவியை விட்டு விலகினார். மணமான பெண் மேட்ரனாக நீடிக்க அந்நாளைய வழக்கம் இடங்கொடுக்கவில்லை. முப்பது வயதில் வார்டை விட்டு வெளியேறியவர், அதற்குப் பிறகு வாழ்ந்த அறுபது ஆண்டுகளையும் வார்டில் நிற்கும் பெண்களுக்காகவே செலவிட்டார்.

அவர் எதற்காகப் போராடினார் என்பதைப் புரிந்துகொள்ள, அன்றைய நிலைமையை மனத்தில் கொண்டுவர வேண்டும். மருத்துவர்களுக்கு 1858 முதலே சட்டப்படி பதிவேடு இருந்தது. செவிலியருக்கு எதுவும் இல்லை. ஒரு மருத்துவமனையில் மூன்றாண்டு பயின்றவளும், இன்னொன்றில் மூன்று மாதம் தரை கூட்டிவிட்டு வெளியேறியவளும், எதிலும் கால் வைக்காதவளும், வெள்ளைத் தொப்பியும் மேலங்கியும் வாங்கி அணிந்துகொண்டால் ஒரே 'நர்ஸ்'தான். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு ஆள் தேடும் குடும்பத்துக்கு வேறுபாடு காண வழியில்லை. பொதுவான பாடத்திட்டம், பொதுவான தேர்வு, தேறியவர்களின் பெயரைத் தாங்கிய ஒரே பதிவேடு, தவறு செய்தால் அதிலிருந்து பெயரை நீக்கும் அதிகாரம் ஆகிய இந்நான்கையும் நாடாளுமன்றம் சட்டமாகத் தர வேண்டும் என்பதே எத்தலின் கோரிக்கை.

இதை எழுதும்போது என் ஆச்சியின் கை நினைவுக்கு வருகிறது. நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் அவளைச் சேர்த்திருந்தோம். வென்ஃபிளான் என்ற நரம்பு ஊசியைப் போட்டு டிரிப் ஏற்றிவிட்டுப் போன பெண்ணுக்கு என்னைவிட இரண்டு வயதுகூட அதிகம் இருக்காது. வெள்ளைக் கோட்டு அணிந்திருந்தாள், அங்கேயே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். ஊசி நரம்பை விட்டு விலகிவிட, இரவெல்லாம் மருந்து தசைக்குள் இறங்கி, விடியும்போது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் பளபளவென்று வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. 'நர்ஸம்மா, வலிக்குதே' என்று ஆச்சி அவளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் பயந்துபோய், டிரிப்பின் வேகத்தைக் குறைத்தாளே தவிர ஊசியை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அவள்மீது எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. குறைந்த சம்பளத்துக்கு அவளை அங்கே நிறுத்தியவர்கள்மீதுதான். எத்தல் கேட்டது அந்தப் பெண்ணுக்கான பயிற்சியையும் என் ஆச்சிக்கான காப்பையும் சேர்த்துத்தான் என்று நான் நம்புகிறேன்.

ஐந்தாம் நாள்: அப்பர் விம்போல் தெருவிலிருந்து போர்ட்லண்ட் பிளேஸ் வரை

இன்று என்னோடு, லண்டனில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தியும் வந்தாள். வழியெல்லாம் 'செவிலி' என்று நான் சொல்லச் சொல்ல அவளுக்கு அது புதிதாக இருந்தது. 'எங்கட ஊரில கதைக்கேக்க நர்ஸ்தான் அக்கா, எழுதேக்க தாதி எண்டு எழுதுவம்' என்றாள். தமிழ்நாட்டில் தாதி என்றால் பணிப்பெண் என்ற பழைய பொருள்தான் முதலில் தோன்றும் என்று சொன்னபோது, அந்தச் சொல்லை ஒரு உத்தியோகத்தின் பெயராக உயர்த்தியதே தங்கள் ஊர்த் தாதியர்தான் என்று பெருமையோடு பதில் சொன்னாள். எனக்கு அது பிடித்திருந்தது.

அப்பர் விம்போல் தெரு, 20ஆம் எண் வீடு. செவிலியர் சீர்திருத்தவாதி எத்தல் கார்டன் ஃபென்விக் 1887 முதல் 1924 வரை இங்கே வாழ்ந்தார் என்று வட்டமான நீலப் பலகை சொல்கிறது. இந்த வீட்டில் கூடிய சிலரிடமிருந்துதான் 1887இல் பிரிட்டிஷ் செவிலியர் சங்கம் பிறந்தது. விக்டோரியா அரசியின் மகள் இளவரசி ஹெலினா தலைவரானார். அடுத்த ஆறு ஆண்டுகள், சங்கத்துக்கு அரசியின் ஏற்பைத் தரும் அரச சாசனத்துக்கான போராட்டம். எதிரணியில் பெரிய மருத்துவமனைகளின் நிர்வாகிகள், லண்டன் மருத்துவமனையின் மேட்ரன் ஈவா லூக்ஸ், எல்லாருக்கும் மேலாக நைட்டிங்கேல். 1893இல் சாசனம் கிடைத்தபோது அதில் 'பதிவேடு' என்ற சொல் இல்லை. செவிலியர் பெயர்களின் 'பட்டியல்' ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்தது. ஒரு சொல்லில் தோற்றார். அந்தச் சொல்லைச் சட்டத்தில் ஏற்ற அவருக்கு இன்னும் இருபத்தாறு ஆண்டுகள் ஆயின.

அந்த ஆண்டுகளில் அவர் ஒரு செவிலியர் இதழை வாங்கித் தாமே ஆசிரியராக இருந்து நடத்தினார். 1899இல் உலகச் செவிலியர் மன்றத்தை நிறுவி அதன் முதல் தலைவரானார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர்களோடும் நின்றார், ஏனென்றால் வாக்கில்லாத பெண்களின் தொழிலுக்கு நாடாளுமன்றம் ஏன் நேரம் ஒதுக்கும் என்ற கேள்வி அவருக்கு அன்றாட அனுபவமாக இருந்தது. அவர் லண்டனில் முட்டிக்கொண்டிருந்தபோதே நியூசிலாந்து 1901இல் சட்டம் இயற்றி, எல்லன் டவ்ஹர்ட்டி என்பவரை முதல் பதிவுச் செவிலியாக ஏற்றுவிட்டது. பிரிட்டனில் 1908இல் பிரபுக்கள் அவை ஒரு பதிவு மசோதாவை நிறைவேற்றியது. அதைக் கொண்டுவந்தவர் ஆம்ப்தில் பிரபு. அவர் 1906 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் என்று தெரிந்தபோது வியப்பாக இருந்தது. ஆனால் மக்களவை அதை எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு போர் வந்தது. சில வாரப் பயிற்சியோடு தொண்டுப் பெண்கள் பலர் வார்டுகளுக்கு வந்தபோது, பயின்றவர் யார், பயிலாதவர் யார் என்ற கேள்வி எல்லோருக்கும் உறைத்தது. 1919 டிசம்பர் 23 அன்று சட்டம் நிறைவேறியது. பதிவேடு 1921இல் திறக்கப்பட்டபோது அதில் முதலாம் எண்ணாக ஏறிய பெயர், எத்தல் கார்டன் ஃபென்விக்.

அவர் குறையற்றவர் என்று நான் எழுத மாட்டேன். நல்ல குடும்பத்துப் படித்த பெண்கள் மட்டுமே செவிலியராக வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் வலுவாக இருந்தது; ஏழைக் குடும்பத்திலிருந்து வந்து சம்பளத்துக்காக இந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்ட என்னைப் போன்றவர்கள் அவருடைய கற்பனையில் எங்கே நின்றிருப்போம் என்று யோசிக்கும்போது வலிக்கிறது. பதிவேட்டைப் பார்த்துக்கொள்ள அமைந்த புதிய பொதுச் செவிலியர் மன்றத்தில் பதிவுக் குழுவின் தலைவராக இருந்து ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அவர் துருவித் துருவிப் பார்த்ததில் வேலை தேங்கி, சக உறுப்பினர்களோடு பெரும் மோதல் மூண்டது. செவிலியரே வாக்களித்த முதல் தேர்தலில், பதிவேட்டை உண்டாக்கிய அவரையே அவர்கள் தோற்கடித்தார்கள். பதிவேட்டில் ஏறியவர்கள்தாம் அந்தத் தேர்தலின் வாக்காளர்கள். தம் உழைப்பால் கிடைத்த வாக்குகளே தமக்கு எதிராக விழுந்ததை எண்ணி, இந்த வீட்டின் சன்னல்களுக்குப் பின்னால் அவர் எப்படிப்பட்ட இரவுகளைக் கழித்திருப்பார்!

அங்கிருந்து கிழக்கே நடந்தோம். ஹார்லி தெருவில் 90ஆம் எண் கட்டடத்தருகே தோழி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். 1854 அக்டோபரில் கிரைமியாப் போருக்குப் புறப்படுமுன் நைட்டிங்கேல் நடத்திய மருத்துவமனை இருந்த இடம் அது என்று அங்கும் ஒரு கல்வெட்டு. எதிரெதிராக நின்ற இரண்டு பெண்களுக்கும் இடையே ஐந்து நிமிட நடைகூட இல்லை. நைட்டிங்கேல் ஏன் எதிர்த்தார் என்பதை நான் இங்கு வரும்வரை பிடிவாதம் என்றே நினைத்திருந்தேன். அவர் சொன்னதன் சாரம் இது: தேர்வு அறிவை அளக்கும், நோயாளியின் தலையணையைத் திருப்பிப் போடும் மனத்தை அளக்காது, ஒருமுறை பெயர் ஏறிவிட்டால், பத்தாண்டு கழித்தும் அவள் நல்ல செவிலியாகவே இருக்கிறாள் என்பதற்குப் பதிவேடு சாட்சி ஆகாது. பன்னிரண்டு ஆண்டுகள் வேலை செய்த பிறகு இதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. தேர்வில் முதலிடம் வாங்கிவிட்டு, அழைப்பு மணி அடித்தாலும் எழாதவர்களோடு நான் பணி செய்திருக்கிறேன். ஆனாலும் மனத்தை அளக்க முடியாது என்பதற்காக அறிவையும் அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஆச்சியின் கையில் பார்த்திருக்கிறேன். அதனால் என் சார்பு எத்தல் பக்கம்தான்.

போர்ட்லண்ட் பிளேஸ், 23ஆம் எண். பொதுச் செவிலியர் மன்றம் பல்லாண்டுகள் இயங்கிய முகவரி. பின்னால் வந்த செவிலியர் மற்றும் மகப்பேற்றுச் செவிலியர் மன்றமும் இதே முகவரியைத் தொடர்ந்தது. வாசற்படியருகே நின்று, தோழி தன் கைப்பேசியில் மன்றத்தின் பதிவேட்டைத் திறந்து என் பெயரைத் தட்டினாள். உலகில் யார் வேண்டுமானாலும், கட்டணமின்றி, எந்தச் செவிலியின் பெயரையும் அதில் தேடலாம். என் பெயரும், எந்தப் பிரிவில் பதிவு பெற்றிருக்கிறேன் என்பதும், பதிவு எந்த நாளில் முடிகிறது என்பதும் வந்தன. 'அக்கா, உங்கட பேரை எப்பிடிச் சரியா எழுதியிருக்கினம் பாருங்கோ' என்றாள். ஊர்ப் பெயரும் அப்பா பெயரும் இடம் மாறாமல் இருந்தன. நம் பக்கத்திலும் 1926இல் சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. என் முதல் எண் அந்தச் சட்டத்தின் வழி வந்தது. அது இங்கே சட்டம் நிறைவேறி ஏழே ஆண்டுகளில் நடந்தது.

எத்தல் 1947 மார்ச் 13 அன்று, தொண்ணூறு வயதில், லண்டனில் இறந்தார். இந்தியச் செவிலியர் மன்றச் சட்டமும் அதே 1947ஆம் ஆண்டைத் தாங்கியிருக்கிறது.

இரவு அறைக்குத் திரும்பி, மன்றத்துக்கு அனுப்ப வேண்டிய தாள்களை எடுத்து வைத்தேன். 2016 முதல் இங்கே மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவை மறுஉறுதி செய்ய வேண்டும்: 450 மணி நேரப் பணி, 35 மணி நேரக் கல்வி, பணியில் நடந்தவற்றைப் பற்றி ஐந்து சிந்தனைக் குறிப்புகள், இன்னொரு செவிலியோடு அவற்றைப் பற்றிய உரையாடல். நைட்டிங்கேலின் கேள்விக்கு எத்தலின் பதிவேடு இவ்வளவு காலம் கழித்து ஒரு பதிலைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது என்று இன்றுதான் எனக்குத் தோன்றியது. நான்கு குறிப்புகள் முன்பே முடிந்துவிட்டன. ஐந்தாவதற்குப் போன மாதம் என் வார்டில் இருந்த ஒரு மூதாட்டியைத் தேர்ந்தெடுத்தேன். அவருடைய கையில் வீக்கம் தொடங்கியதைப் பத்தே நிமிடத்தில் கண்டு, டிரிப்பை நிறுத்தி, ஊசியை எடுத்து, கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்த இரவைப் பற்றி எழுதத் தொடங்கியிருக்கிறேன். அவர் வலிக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். தோல் பளபளத்ததால் நான் கவனித்தேன்.